எழுதுவதற்கு ஓர் அறை

ஐந்து வருஷமாக நான் ஒரு நாவல் பாக்கி வைத்திருக்கிறேன். கேட்கிற பத்திரிகை ஆசிரியர்களிடமெல்லாம் நான் சொல்லிவந்த சமாதானம் ஒன்றுதான்: "வீட்டிலே தனியாக உட்கார்ந்து எழுத ஓர் அறை இல்லை, ஸார்!" எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் என் மேஜை. அதற்கு இந்தப் பக்கம் வாசல், அந்தப் பக்கம் சமையலறை. பால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை யார் வந்தாலும் என் கதாநாயகியைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஆகவே, மொட்டைமாடியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை கட்டிக்கொள்வது என்று தீர்மானித்துக் கொத்தனாரை அழைத்துக் கணக்குக் கேட்டேன். செங்கல் இத்தனை ஆயிரம், சிமெண்டு இத்தனை மூட்டை, ஜன்னல் இரண்டு, கதவு ஒன்று என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சென்ற வருஷம் இங்கிலாந்துக்குப் புறப்பட்டேன்.

எங்கள் மகள் லண்டனில் இருக்கிறாள். ஒரு வாரம் கோட்டைகளையும் கோபுரங்களையும் காட்டிவிட்டு, "அப்பா, நாளைக்கு உங்கள் தொழிலுக்கு ஏற்ற இடம் ஒன்று பார்க்கப் போகிறோம்" என்றாள். வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகிறது, ஹாம்ப்ஷயரில் உள்ள ஆல்ட்டன் என்ற சிற்றூருக்கு. அங்கிருந்து சாட்டன் கிராமம் நடக்கிற தூரந்தான். ஜேன் ஆஸ்டின் தம் வாழ்க்கையின் கடைசி எட்டு வருஷங்களைக் கழித்த வீடு அந்தக் கிராமத்தில் இருக்கிறது. 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைக் கல்லூரி நாட்களில் மூன்று முறை படித்தவள் என் மனைவி. நான் ஒரு முறை படித்தேன், அதுவும் பரீட்சைக்காக. இந்த வித்தியாசம் அன்று முழுவதும் எனக்கு இடைஞ்சலாகவே இருந்தது.

வீட்டைப் பார்த்ததும் எனக்குச் சற்று ஏமாற்றம். உலகம் கொண்டாடும் ஆசிரியை வாழ்ந்த வீடு என்றால் கொடி படர்ந்த மாளிகையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எதிரே நின்றதோ, சிவப்புச் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒரு பண்ணை வீடு. நம் ஊரில் வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே குவார்ட்டர்ஸ் பார்த்திருப்பீர்களே, அதற்குப் பெரியம்மா போல இருந்தது. இரண்டு மாடி, அதற்கும் மேலே, கூரைச் சரிவுக்குள் பரண் அறைகள், கூரைக்கு மேல் புகைபோக்கிகள். முன்புறம் திண்ணையும் இல்லை, முற்றமும் இல்லை. தெருவை ஒட்டி அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் வீடு 'ட' எழுத்தைப் போல மடங்கித் தோட்டத்தை அணைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. விவசாயிக்காகக் கட்டிய இந்த வீடு முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் கொஞ்ச காலம் 'நியூ இன்' என்ற பெயரில் சாராயக் கடையும் சத்திரமுமாக இருந்தது. பிறகு பண்ணைக் காரியஸ்தர் ஒருவர் குடியிருந்தார். இலக்கியம் வந்து சேர்ந்தது அதற்கப்புறம்.

சட்டைப் பையில் செங்கல் கணக்கு இருந்ததாலோ என்னவோ, நான் சுவரருகே போய் ஒவ்வொரு கல்லாகப் பார்க்க ஆரம்பித்தேன். இங்கிலாந்தின் செங்கல் சுமார் ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம். ஏன் இந்த அளவு தெரியுமா? கொத்தனாரின் ஒரு கையில் கரண்டி இருக்கும். மற்றொரு கை மட்டும் கல்லை எடுத்து வைக்கவேண்டும். ஒரு கைக்கு அடங்கும் அளவே ஒரு தேசத்துச் சுவர்களுக்கெல்லாம் அளவாகிவிட்டது. அந்த நாளில் கல்லை வெகு தூரத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. எனவே எந்த மண்ணில் வீடோ, அதற்கு அருகிலேயே களிமண் வெட்டி, சூளை வைத்துச் சுட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து நிலத்தில் அடியில் சுண்ணாம்புப் பாறை. மேலே ஆங்காங்கே களிமண். களிமண்ணைச் சுட்டால் செங்கல். பாறையைச் சுட்டால் சுண்ணாம்புச் சாந்து. பழைய காலத்துச் சூளையில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வேகாது. நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தது கறுத்துப்போகும். தள்ளி இருந்தது வெளிறிப்போகும். ஆகையால் பழைய சுவர் ஒன்றில் ஒரு கல்லைப் போல் மறு கல் இராது. கூட்டுக் குடும்பத்துப் புகைப்படம் மாதிரி, சாயல் ஒன்று. முகம் வேறு வேறு.

அங்கே நின்றபடியே எனக்கு ஒரு சித்தாந்தம் உதயமாயிற்று. பழைய இங்கிலாந்தின் கிராமத்து வீட்டில் நடுக்கூடத்தில், தரையிலேயே நெருப்பு எரியும். புகை தானாக மேலேறிக் கூரை வழியே போகவேண்டியதுதான். அதனால் அந்தக் கூடத்துக்கு மேலே மாடி போட முடியாது. குளிருக்குப் பயந்து எஜமானன், எஜமானி, பிள்ளைகள், வேலையாட்கள் எல்லாரும் அந்த ஒரே நெருப்பைச் சுற்றித்தான் கிடக்கவேண்டும். செங்கல் மலிந்த பிறகுதான் சாதாரண வீட்டுக்கும் புகைபோக்கி வந்தது. 1577-இல் வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் தம் நாட்டை வர்ணித்து வெளியிட்ட நூலில், தம் ஊர்க் கிழவர்கள் மிகவும் ஆச்சரியப்பட்ட மாறுதல்களில் ஒன்றாகப் புகைபோக்கிகள் பெருகியதைக் குறிப்பிடுகிறார். புகை குழாய்க்குள் அடங்கியதும் கூடத்துக்கு மேலே மாடி போட்டார்கள். மாடி வந்ததும் அறைகள் வந்தன. அறைக்கு அறை அடுப்பு, அறைக்கு அறை கதவு. கதவைச் சாத்திக்கொண்டு மனிதன் முதல் முறையாகத் தனியாக உட்கார்ந்தான். தனியாக உட்கார்ந்தவன் என்ன செய்வான்? நாவல் படிப்பான், அல்லது எழுதுவான்!

"ஆக, செங்கல் இல்லாவிட்டால் நாவல் இல்லை" என்று மனைவியிடமும் மகளிடமும் பிரகடனம் செய்தேன். அவர்களுக்கு என் சட்டைப் பையில் இருந்த காகிதம் தெரியும். ஆகவே ஒன்றும் சொல்லவில்லை.

முன்சுவரில் ஓர் இடத்தில், ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தது நன்றாகத் தெரிந்தது. சித்தாந்தம் சொன்ன சூட்டோடு அதற்கும் விளக்கம் சொன்னேன். "இங்கே 1696-லிருந்து 1851 வரை ஜன்னல் வரி என்று ஒன்று இருந்தது. ஜன்னல் அதிகமானால் வரியும் அதிகம். வரிக்குப் பயந்து பல பேர் ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அந்த மாதிரிதான் இதுவும்." பக்கத்தில் நின்ற, அந்த வீட்டைச் சுற்றிக் காட்டும் மூதாட்டி என் கை போன திசையைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு புன்னகை செய்தார். "எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த ஜன்னலின் கதை வேறு" என்றார். என் மகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

கதை இதுதான். ஜேன் ஆஸ்டினின் தகப்பனார் ஸ்டீவன்டன் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்தவர். 1801-இல் அவர் பாத் நகரத்துக்குக் குடிபோனார். பிறந்து வளர்ந்த வீடு கையை விட்டுப் போயிற்று. 1805-இல் தகப்பனார் காலமானார். தாயும் இரண்டு பெண்களும் வாடகை இடங்களிலும் உறவினர் வீடுகளிலும் சகோதரனுடன் சௌதாம்ப்டனிலுமாகக் காலம் தள்ளினார்கள். இருபத்தைந்து வயதுக்குள் மூன்று நாவல்கள் எழுதி வைத்திருந்த பெண், இந்தக் காலத்தில் ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள். பழைய கதை ஒன்றைப் பதிப்பாளர் ஒருவர் 1803-இல் பத்துப் பவுன் கொடுத்து வாங்கி, அச்சிடாமலே போட்டு வைத்திருந்தார். மற்றொரு சகோதரன் எட்வர்டு பணக்கார உறவினருக்குச் சுவீகாரம் போனவன். சாட்டனும் அதைச் சுற்றியுள்ள நிலமும் அவனுடைய சொத்து. 1808-இல் மனைவியை இழந்த பிறகுதான் தாய்க்கும் சகோதரிகளுக்கும் இந்தப் பண்ணை வீட்டைக் கொடுக்க அவனுக்குத் தோன்றியது. 1809 ஜூலை மாதம் அவர்கள் குடிவந்தார்கள். ஜேனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

வீடோ தெருவின் மேலேயே நின்றது. வின்செஸ்டருக்கும் காஸ்போர்ட்டுக்கும் போகிற பாதைகள் அந்த வீட்டருகேதான் பிரிகின்றன. கோச்சு வண்டிகள் கடகடவென்று ஓடும். வண்டியில் போகிறவர் எட்டிப் பார்த்தால் வீட்டுக்குள் நடப்பது தெரியும். அவர்கள் சௌகரியமாக உட்கார்ந்து காலை ஆகாரம் சாப்பிட்டதை அப்படிப் போன ஒரு கனவான் பார்த்துச் சொல்ல, அந்தச் செய்தி கடிதத்தில் ஏறிவிட்டது. எட்வர்டு ஆட்களை வைத்து வீட்டைச் செப்பனிட்டபோது, பெரிய அறையில் தெருவைப் பார்த்த ஜன்னலை அடைத்து, உட்பக்கம் அதைப் புத்தக அலமாரி ஆக்கினான். அதற்குப் பதில் பக்கத்துச் சுவரை உடைத்துத் தோட்டத்தைப் பார்த்தாற்போல் வேறு ஜன்னல் திறந்தான். அந்த ஜன்னலில் புல்லும் மரமுந்தான் தெரியும். ஜன்னலுக்கு வரி என்று சொன்னேன் அல்லவா? 1784-லிருந்து 1850 வரை செங்கலுக்கும் வரி இருந்தது. அந்த மனிதன் ஜன்னலை அடைக்க வரி செலுத்திய செங்கலை வாங்கி, வரி கட்டவேண்டிய வேறொரு ஜன்னலைத் திறந்திருக்கிறான்! நெடு நாள் தாமதித்துச் செய்த உதவிதான். ஆனாலும் அந்தச் சுவரில் உள்ள வேலையில் மிகவும் அன்பான வேலை அதுவாகத்தான் எனக்குப் பட்டது.

"அப்படியானால் அந்தத் தோட்டத்து ஜன்னலருகே உட்கார்ந்துதான் நாவல்கள் எழுதினாரா?" என்று கேட்டேன். மூதாட்டி தலையை அசைத்தார். எங்களைச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே, தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு அருகில் ஒரு மேஜை இருந்தது. மேஜை என்று சொல்லலாமா என்றே தெரியவில்லை. ஒற்றைக் காலின் மேல் பன்னிரண்டு பக்கமுள்ள சிறிய பலகை. கல்யாணத்தில் சீர்வரிசை வைக்கிற தாம்பாளத்துக்கு அதைவிட இடம் அதிகம். ஒரு காகிதமும் ஒரு மைக்கூடும் வைத்தால் முழங்கை வெளியே தொங்கும். அந்த இடத்தில் உட்கார்ந்து அவர் பழைய நாவல்களைத் திருத்தினார், புதியவற்றை எழுதினார். 1811-இல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிடி', 1813-இல் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்', 1814-இல் 'மான்ஸ்பீல்டு பார்க்', 1815-இல் 'எம்மா' என்று வரிசையாக வெளிவந்தன. அவருக்கென்று தனி அறை கிடையாது. ஆறு படுக்கையறை உள்ள வீட்டில் அக்காள் கஸாண்ட்ராவும் அவரும் ஒரே அறையில்தான் படுத்தார்கள்.

என் சித்தாந்தம் கண்ணெதிரே இடிந்து விழுந்தது. அத்தனை செங்கலும், அத்தனை புகைபோக்கியும், அத்தனை கதவும் இருந்தும் அந்த அம்மாள் எல்லாரும் வந்து போகிற இடத்தில், தெருச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டில் ஒரு கதவைப் பற்றியும் சொன்னார்கள். முன் வாசலுக்கும் சமையல் பகுதிக்கும் நடுவில் இருந்த அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் கிரீச்சென்று சத்தம் போடுமாம். எண்ணெய் போட்டுச் சரிசெய்கிறோம் என்று வீட்டார் சொன்னதற்கு ஜேன் வேண்டாம் என்றாராம். யாராவது வந்தால் அந்தச் சத்தம் முன்கூட்டியே தெரிவித்துவிடும். எழுதுகிற காகிதத்தை மறைத்துக்கொள்ளலாம். சின்னச் சின்னத் தாள்களில்தான் எழுதுவார். மைஒற்றும் காகிதத்தை மேலே போட்டால் மறைந்துவிடும். அவருடைய மருமகன் ஒருவர் 1869-ஆம் வருஷக் கடைசியில் வெளியிட்ட நினைவு நூலில் இதை எழுதியிருக்கிறார்.

எனக்கு அந்தக் கதவின் மேல் அளவுகடந்த பிரியம் உண்டாகிவிட்டது. "எவ்வளவு அற்புதம் பார்! அறை இல்லாவிட்டால் என்ன? ஒரு துருப்பிடித்த கீல் போதும்!" என்றேன்.

என் மனைவி கதவைக் கவனிக்கவில்லை. அவள் சமையலறையையும், பின்கட்டில் ரொட்டி சுடும் அடுப்பும் துணி வேகவைக்கும் செப்புக் கொப்பரையும் உள்ள கொட்டிலையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "இந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று மகளைக் கேட்டாள்.

"நாலு பெண்கள், அம்மா. தாயார், கஸாண்ட்ரா, ஜேன், அப்புறம் மார்த்தா லாய்டு என்று ஒரு சிநேகிதி. சமையல்காரி, வேலைக்காரி எல்லாம் உண்டு."

"மார்த்தா என்ன செய்தாள்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். மூதாட்டிதான் சொன்னார். வீட்டு நிர்வாகம் கஸாண்ட்ராவும் மார்த்தாவும் பார்த்துக்கொண்டார்கள். மார்த்தா சமையல் குறிப்பும் கைமருந்துக் குறிப்பும் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இன்றும் இருக்கிறது. வயதான தாயார் மண்வெட்டியும் கையுமாகத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டுவார். ஜேனுக்கு விட்ட வேலை, காலை ஒன்பது மணி ஆகாரத்தைத் தயார் செய்வதும், தேயிலை, சர்க்கரை, ஒயின் இவற்றின் சாவியை வைத்துக்கொள்வதுந்தான். மற்ற பொழுது அவருடையது. 1816-இல் அக்காள் ஊரில் இல்லாதபோது விருந்தாளிகள் வந்து, வீட்டுப் பொறுப்பு முழுவதும் ஜேன் தலையில் விழுந்தது. இறைச்சிக் கணக்கும் மருந்துக் கணக்கும் தலையை அடைத்துக்கொண்டிருக்கும்போது கற்பனை ஓடாது என்று அக்காளுக்கே எழுதி முறையிட்டார்.

"அதுதானே!" என்றாள் என் மனைவி. "கிரீச்சென்று சத்தம் போட்டது கதவு மட்டும் இல்லை. மூன்று பேர் காவல் இருந்திருக்கிறார்கள்."

ஜேன் இந்த வீட்டை விட்டுப் புறப்பட்டது 1817 மே மாதம், வைத்தியத்துக்காக வின்செஸ்டருக்கு. திரும்பி வரவில்லை, ஜூலை 18-ஆம் தேதி காலமானார். கஸாண்ட்ரா 1845-இல் மறைந்த பிறகு வீட்டைத் தடுத்துப் பண்ணைத் தொழிலாளர்களைக் குடிவைத்தார்கள். 1940-இல் டாரதி டார்னல் என்ற பெண்மணி, இந்த வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்த கணப்பின் இரும்புச் சட்டம் பழைய இரும்போடு கிடந்ததைப் பார்த்து மனம் நொந்து, வீட்டைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். யுத்தம் முடிந்த பிறகு, 1947-இல் கார்ப்பென்டர் என்ற வக்கீல் வீட்டை வாங்கினார். எதற்காக? 1944-இல் இத்தாலியில் போர்க்களத்தில் இறந்துபோன தம் மகனின் ஞாபகார்த்தமாக. 1949-இல் அது காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. மகனை இழந்த தகப்பன் கோயில் கட்டியிருக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருக்கலாம். ஒரு பெண் கதை எழுதிய பண்ணை வீட்டின் ஓட்டையும் செங்கல்லையும் ஒழுங்கு செய்து, ஊருக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வெளிச் சுவரில் மகனின் பெயர் பொறித்த கல்லை நாங்கள் மூவரும் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் நான் சட்டைப் பையிலிருந்து கொத்தனாரின் காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். மடித்து மடித்து ஓரங்கள் தேய்ந்துபோயிருந்தன. எதிரே என் மனைவி ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு குறுகுறுப்பில் கேட்டேன்: "உனக்கென்று தனியாக ஓர் அறை இருந்தால் என்ன செய்வாய்?"

அவள் கொஞ்சங்கூட யோசிக்கவில்லை. "தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குவேன்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நிஜமாகத்தான் சொல்கிறேன். நீங்கள் எழுதுகிறபோது வாசலில் யார் வந்தாலும் 'அவர் வேலையாக இருக்கிறார்' என்று சொல்லி அனுப்ப வேண்டுமே? முப்பத்தைந்து வருஷமாக நான் பகலில் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்." குறையாகச் சொல்லவில்லை. கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி வயல்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஊருக்குத் திரும்பியதும் கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். மொட்டைமாடியில் அறை எழும்பிவிட்டது. காகிதத்தில் இருந்தபடி ஜன்னல் இரண்டு. ஆனால் தெருப் பக்கம் வைக்க இருந்ததைப் பின்னால் உள்ள வேப்பமரத்தைப் பார்த்தாற்போல் மாற்றச் சொன்னேன். கதவுக்கு உட்பக்கம் நல்ல பித்தளைத் தாழ்ப்பாள். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கீழே கூடத்தில் எனக்குக் கேட்கிறது.

நான் பழைய இடத்திலேதான் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் மணி அடித்தால் நானே எழுந்து போகிறேன். "அம்மா இல்லையா?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டால், "அவள் வேலையாக இருக்கிறாள்" என்று சொல்லி அனுப்புகிறேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் பாதி வாக்கியம் மறந்துபோகிறது. அதைத் தேடிப் பிடிக்கக் கால் மணி ஆகிறது. முதல் மாதம் எனக்கு அழுகையே வந்தது. முப்பத்தைந்து வருஷமாக என் வாக்கியங்கள் எவர் காவலில் பத்திரமாக இருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது.

நாவல் ஒன்பதாவது அத்தியாயத்தில் நிற்கிறது. சென்ற வாரம்கூட ஆசிரியர் கேட்டார். சொல்வதற்குச் சமாதானம் ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டபடியால், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன்.